யார் பேரில் இருக்கிறது?
குடும்பச் சொத்து, சிறுவணிகம், சட்டம்: விழுப்புரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்



குடும்பங்களுக்கும் சிறுதொழில் செய்வோருக்கும் பயன்படும்படி சட்டத்தையும் வரியையும் பற்றிப் பேசுங்கள் என்று அறக்கட்டளையினர் கேட்டார்கள். சட்டம் என்றால் ஆயிரம் பிரிவு இருக்கிறது, வரி என்றால் ஆண்டுக்கு ஒரு திருத்தம் வருகிறது. எல்லாவற்றையும் தொட்டால் எதுவும் உங்கள் கையில் நிற்காது. அதனால் ஒரே ஒரு கருத்தைச் சொல்ல வந்திருக்கிறேன்.

நம் வட்டாரத்துக் குடும்பங்கள் சொத்தை இழப்பதற்கும் அண்ணன் தம்பி பேசாமல் போவதற்கும் வரி விகிதத்தைக் காரணம் சொல்ல முடியாது. அனுபவிப்பவர் ஒருவர், காகிதத்தில் இருப்பவர் இன்னொருவர் என்று விட்டுவைத்ததுதான் காரணம். வீட்டில் நாம் "நம்ம நிலம்", "நம்ம கடை" என்று பேசுகிறோம். சட்டத்துக்கு "நம்ம" என்று ஒரு ஆள் கிடையாது. தாசில்தாரும் சார்பதிவாளரும் வங்கி மேலாளரும் வரி அதிகாரியும் முதலில் கேட்பது "யார் பேரில் இருக்கிறது?" என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு ஆள் உயிரோடு இருக்கும்போது, வீட்டில் சம்மதம் இருக்கும்போது பதில் எழுதிவைத்தால் சில ஆயிரங்களில் முடியும். தள்ளிப்போட்டால் அடுத்த தலைமுறை அதை நீதிமன்றத்தில் எழுத வேண்டி வரும்.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆகவே எண்களைக் குறைத்துக்கொண்டு, விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

1. தாத்தா பேரில் நிற்கும் பட்டா

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சேர்ந்த ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோதுதான், 1948இல், ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. உழவனுக்கும் அரசுக்கும் நடுவில் நின்ற ஜமீனை அகற்றி, உழவனை நேரடியாக அரசின் பட்டாதாரர் ஆக்கியது அந்தச் சட்டம். அவ்வளவு பெரிய மாற்றம் நடந்த மண்ணில், இன்று எத்தனையோ குடும்பங்களின் பட்டா இறந்துபோன தாத்தாவின் பேரிலேயே நிற்கிறது. வாய்மொழியாகப் பாகம் பிரித்து, வரப்பு போட்டு, மூன்று மகன்களும் தனித்தனியாகப் பயிர் வைக்கிறார்கள். காகிதத்தில் ஒரே ஒரு பெயர், அதுவும் உயிரோடு இல்லாதவர் பெயர்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இறவைப் பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. நிவாரணம், கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் எல்லாமே சிட்டாவையும் அடங்கலையும் பார்த்து வருகிறவை. நிலத்தில் இறங்கி நிற்பவரின் பெயர் அங்கே இல்லையென்றால், தண்ணீரில் நின்ற பயிர் அவருடையது என்று நிரூபிக்க அவரே அலைய வேண்டும்.

செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் இறப்புச் சான்று. அடுத்து இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து, தாசில்தாரிடமிருந்து வாரிசுச் சான்று. தாத்தாவுக்கு ஒன்று, இறந்துபோன பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒன்று என்று தலைமுறைக்குத் தலைமுறை வாங்க வேண்டும். வாரிசுச் சான்று யார் யார் வாரிசு என்று மட்டும்தான் சொல்லும். யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது, உரிமையை உண்டாக்கவும் செய்யாது. பிறகு எல்லா வாரிசுகள் பேரிலும் கூட்டுப்பட்டா, அதன்பின் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரம், அதைக் கொண்டு நில அளவர் வந்து உட்பிரிவு செய்து தனிப்பட்டா. இந்த வரிசையிலேயே போவது நல்லது.

பாகப்பிரிவினைக்குச் செலவு அதிகம் என்று நினைத்தே பலர் ஒதுங்குகிறார்கள். குடும்பத்துக்குள் செய்யும் பாகப்பிரிவினைக்கு 2023 ஜூலை முதல் உள்ள கட்டணப்படி, ஒரு பங்குக்கு முத்திரைத் தீர்வை அதன் மதிப்பில் 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். வழக்குப் போட்டால் முதல் வாய்தாவுக்குள்ளேயே இதில் பாதி போய்விடும்.

இன்னொரு தொல்லையையும் சொல்ல வேண்டும். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்னும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பல கிராமங்களில் பெயர் மாறியோ சர்வே எண் மாறியோ பதிவானது. பத்திரம் உங்கள் பேரில் இருந்தும் பட்டா பக்கத்து நிலத்துக்காரர் பேரில் இருந்தால், பெரும்பாலும் அங்கேதான் தவறு தொடங்கியிருக்கும். பழைய 'அ' பதிவேட்டின் நகலையும் மூலப்பத்திரத்தையும் வைத்து வருவாய்த் துறையிடம் திருத்தம் கேட்கலாம். பட்டா வருவாய்த் துறையின் ஆவணம், உரிமைக்கு முழு ஆதாரம் ஆகாது. ஆனாலும் தவறான பட்டா நீடிக்க நீடிக்க, எதிராளியின் கை பலப்பட்டுக்கொண்டே போகும்.

புயல் வெள்ளத்தில் பத்திரங்கள் நனைந்து போன வீடுகள் உண்டு. பதிவான பத்திரத்தின் சான்றிட்ட நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் எப்போதும் கிடைக்கும். வில்லங்கச் சான்றை இணையத்திலேயே பார்க்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் நிலத்தில் யாராவது பத்திரம் போட்டிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

2. மகளின் பங்கும் தாயின் பங்கும்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். இந்த மாவட்டத்தில் வரும் பாகப் பிரச்சினைகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான்.

பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டு கழித்து, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பங்கு என்று தமிழ்நாடு சட்டம் செய்தது. 1989 மார்ச் 25 முதல் அது செல்லும். ஆனால் அந்தத் தேதிக்கு முன் திருமணமான பெண்களை அது சேர்த்துக்கொள்ளவில்லை. இதைப் பிடித்துக்கொண்டுதான் இன்றும் "அக்காவுக்கு 89க்கு முன்னாடியே கல்யாணம் ஆயிடுச்சி, அவங்களுக்குப் பங்கு கிடையாது" என்று சொல்கிறார்கள். அது பழைய கதை. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்தத் தடையை எடுத்துவிட்டது. திருமணம் எப்போது ஆகியிருந்தாலும் மகள் மகள்தான். அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பமும், 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்போடு தீர்ந்தது. இருக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாணையாலோ நடந்த பாகம் மட்டும் கலையாது. வாய்மொழிப் பாகம் என்று சொல்லித் தப்பிக்க, நம்பத்தக்க அரசு ஆவணங்களின் ஆதாரம் வேண்டும்.

இது பூர்வீகச் சொத்து பற்றியது. தந்தை தானே சம்பாதித்த சொத்தில், அவர் உயில் இல்லாமல் இறந்தால், மகளுக்கும் சமபங்கு என்பது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே உண்டு. அதற்கும் முன்னால் மகன் இல்லாமல் இறந்தவர் விஷயத்திலும் மகளுக்கு உரிமை உண்டு என்று, 1949இல் இறந்த ஒருவரின் சொத்து பற்றிய அருணாசல கவுண்டர் வழக்கில், 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது நம் தமிழ்நாட்டு வழக்கு.

கல்யாணத்தில் போட்ட நகையும் சீரும் பங்குக்குக் கழியாது. அக்கா தங்கைகள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்யுங்கள். அவர்கள் கையெழுத்து இல்லாமல் மகன்கள் மட்டும் சேர்ந்து நிலத்தை விற்பது, வாங்குகிறவரையும் சேர்த்துக் குழியில் தள்ளுகிற வேலை. வாங்க நினைப்பவர் வாரிசுச் சான்றில் எத்தனை பெண் பெயர் இருக்கிறது, பத்திரத்தில் எத்தனை பெண் கையெழுத்து இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்க வேண்டும்.

மகளைப் பற்றியாவது இப்போது பேசுகிறோம். தாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விக்கிரவாண்டிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் நெடுஞ்சாலையில் இளம்வயதுக்காரர் ஒருவர் விபத்தில் இறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான அப்பா அம்மா. உயில் இல்லை. அவர் பேரில் உள்ள வீடும் வண்டியும் வங்கிப் பணமும் நான்கு சமபங்கு ஆகும்: மனைவிக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒவ்வொன்று, அம்மாவுக்கு ஒன்று. அப்பா முதல் வகுப்பு வாரிசு அல்ல. துக்க வீட்டில் மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பதற்கு முன்பு, யாராவது ஒருவர் இந்தக் கணக்கை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். குழந்தைகளின் பங்கை, பெற்ற தாயே ஆனாலும், நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வங்கிக் கணக்கில் நாமினியாகப் பெயர் இருப்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் வாரிசுகளுக்காகத்தான் வாங்குகிறார். நாமினி உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. 2025 நவம்பர் முதல் வங்கி வைப்புக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். இன்று வீட்டுக்குப் போனதும் பழைய பாஸ்புக்கைப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மாவைப் போட்டு அப்படியே விட்டிருக்கிற கணக்குகள் நிறைய.

பங்கு பற்றி இதுவரை சொன்னவை இந்துக்களுக்கான சட்டம். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்: மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகள் எல்லோருக்கும் ஆண், பெண் பேதமின்றிச் சமம். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஷரியத்படி பங்கு. வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

3. எழுதி வைக்கும்போது

தான செட்டில்மெண்டா, உயிலா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இப்போதே கைமாற வேண்டுமென்றால் செட்டில்மெண்ட், உங்களுக்குப் பிறகு போகட்டும் என்றால் உயில். 20 லட்சம் ரூபாய் வழிகாட்டி மதிப்புள்ள மனையை மகளுக்குச் செட்டில்மெண்ட் எழுதினால் தீர்வை 20,000, பதிவுக் கட்டணம் 10,000, ஆக 30,000 ரூபாய். அதையே கிரயமாக எழுதினால் 7 சதவீதமும் 2 சதவீதமும் சேர்த்து 1,80,000 ரூபாய். பெற்றோர் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு வருமான வரியும் இல்லை. மனைவிக்கோ மருமகளுக்கோ எழுதினால், அதிலிருந்து வரும் வருமானம் கொடுத்தவர் கணக்கிலேயே சேரும்.

ஆனால் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தபின் திரும்ப வாங்குவது மிகக் கடினம். உங்கள் ஆயுள்வரை அந்த வீட்டில் இருக்கவும் வருமானத்தை அனுபவிக்கவும் உரிமை உண்டு என்பதையும், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். அந்த நிபந்தனை மீறப்பட்டால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுத்துப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். விழுப்புரம், திண்டிவனம் இரண்டு ஊரிலும் கோட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. வக்கீல் வைக்க வேண்டியதில்லை. பத்திரத்தில் நிபந்தனை இல்லையென்றால் அந்த மனு பலவீனமாகிவிடும். 'மகன் பார்த்துக்கொள்வான், அதை எழுதினால் தப்பாக நினைப்பான்' என்று கூச்சப்பட வேண்டாம். பார்த்துக்கொள்கிற மகனுக்கு அந்த வரியால் ஒரு குறையும் வராது.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் தெளிவாக எழுதி, இரண்டு சாட்சிகள் பார்க்கக் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறுபவரையே சாட்சியாக வைக்காதீர்கள். பதிவு செய்தால் பின்னால் வாதம் குறையும்.

4. நிலம் விற்கும்போது: அந்த இரண்டு கிலோமீட்டர்

"விவசாய நிலத்துக்கு வரி கிடையாது" என்ற பேச்சு பாதிதான் உண்மை. கிராமப்புற விவசாய நிலத்தை விற்ற லாபத்துக்கு வரி இல்லை. எது கிராமப்புறம் என்பதை ஊரின் மக்கள்தொகை தீர்மானிக்கிறது. நகராட்சியின் மக்கள்தொகை பத்தாயிரத்துக்கு மேல், ஒரு லட்சம் வரை என்றால் அதன் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர் வரை உள்ள நிலம் நகர்ப்புறக் கணக்கு. ஒரு லட்சத்தைத் தாண்டிப் பத்து லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டர். தூரம் சாலைவழி அல்ல, நேர்க்கோட்டில்.

2011 கணக்கெடுப்பில் விழுப்புரம் நகராட்சியின் மக்கள்தொகை 96,253. திண்டிவனத்துக்கு 72,796. ஆக இரண்டு ஊருக்கும் இன்று 2 கிலோமீட்டர்தான். அடுத்த கணக்கெடுப்பு 2027இல். விழுப்புரம் ஒரு லட்சத்தைத் தாண்டி, அந்த எண்ணிக்கை வெளியிடப்பட்டுவிட்டால், அதற்கு அடுத்த நிதியாண்டிலிருந்து எல்லை 6 கிலோமீட்டராக விரியும். கோலியனூர்ப் பக்கமும் முண்டியம்பாக்கம் பக்கமும் நிலம் வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பத்தாயிரம் பேருக்கு மேல் உள்ள செஞ்சி, மரக்காணம் போன்ற பேரூராட்சிகளை ஒட்டிய நிலத்தை விற்பவர்களும் ஆடிட்டரைக் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

வரி வரும் நிலம் என்றால் கணக்கு எப்படி? அப்பா 1985இல் வாங்கி, உங்களுக்கு வந்த நிலத்தை 40 லட்சத்துக்கு விற்கிறீர்கள். 2001 ஏப்ரல் 1 அன்றிருந்த மதிப்பை அடக்கவிலையாக எடுத்துக்கொள்ளலாம், அன்றைய வழிகாட்டி மதிப்புக்கு மிகாமல். அது 4 லட்சம் என்று வைத்தால் லாபம் 36 லட்சம், 12.5 சதவீத வரி 4,50,000 ரூபாய், அதன்மேல் 4 சதவீதம் செஸ். வேறு வருமானம் இல்லாதவர் அடிப்படை விலக்கு வரம்பையும் கழித்துக்கொள்ளலாம். 12 லட்சம் வரை வரி இல்லை என்று செய்தியில் கேட்டதை இங்கே கொண்டுவராதீர்கள். அந்தத் தள்ளுபடி இப்படிப்பட்ட நில லாபத்துக்குப் பொருந்தாது. விற்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் நீங்களோ பெற்றோரோ அதில் பயிர் செய்திருந்து, விற்ற இரண்டு ஆண்டுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால், அந்த அளவுக்கு வரிவிலக்கு உண்டு. கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் வாங்க முடியாவிட்டால், வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு தொடங்கிப் பணத்தைப் போட்டு வைக்க வேண்டும். சாதாரணச் சேமிப்புக் கணக்கில் வைத்தால் விலக்கு போய்விடும்.

விலையைக் குறைத்துக் காட்டிப் பதிவு செய்வதைப் பற்றி நான் வருத்தத்தோடு பேசுகிறேன். நெடுஞ்சாலைக்கும் ரயில்பாதைக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலம் எடுக்கப்படும் மாவட்டம் இது. 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் சந்தை மதிப்பை எப்படிக் கணக்கிடுகிறது? வழிகாட்டி மதிப்பையும், அந்த வட்டாரத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயங்களில் உயர்ந்த பாதியின் சராசரியையும் பார்க்கிறது. ஊரே சேர்ந்து பத்து லட்சத்தை மூன்று லட்சம் என்று பதிவு செய்துகொண்டிருந்தால், நிலம் எடுக்க வரும் நாளில் ஊருக்கே மூன்று லட்சத்து விலைதான் பேசும். தீர்வையில் மிச்சம் பிடித்தவர் ஒருவர், இழப்பீட்டில் அடிபடுபவர் அவருடைய பங்காளியும் பக்கத்து வயல்காரரும். ரொக்கத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ நிலத்துக்கு முன்பணம் வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதமும் உண்டு. இரு தரப்பும் வரிக்குட்படாத விவசாயிகளாக இருந்தால்தான் அதில் விலக்கு.

மரக்காணத்து உப்பளங்களும் விவசாயக் கணக்கில் வருமா என்றும் கேட்கிறார்கள். கடல்நீரைப் பாய்ச்சி உப்பு எடுப்பதில் வரும் வருமானம் விவசாய வருமானம் ஆகாது. இறால் பண்ணைக்கும் அதே பதில்.

5. கடையும் க்யூஆர் கோடும்

விழுப்புரம் எம்.ஜி. ரோட்டிலோ திண்டிவனம் நேரு வீதியிலோ ஒரு கடைக்குள் போங்கள். பெயர்ப்பலகையில் அப்பா பெயர். ஜி.எஸ்.டி. எண் அண்ணன் பேரில். கல்லாவுக்கு முன்னால் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு கல்லூரிக்குப் போகும் மகன் பேரில். வாடகை ஒப்பந்தம் செத்துப்போன பெரியப்பா பேரில். நாள் முழுக்க விழும் பணம் எல்லாம் மகனுடைய கணக்கில் வரவாகிறது. வரித்துறையின் பார்வையில் வியாபாரம் செய்பவர் அந்த மகன். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யு.பி.ஐ. வரவுகளைப் பார்த்துச் சின்னச் சின்ன வியாபாரிகளுக்கு வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. ஆகவே கடை யாருடையதோ அவர் பேரில் நடப்புக் கணக்கு, அந்தக் கணக்குக்கே க்யூஆர் கோடு. வீட்டுச் செலவுக்கு அதிலிருந்து மாதம் ஒரு தொகையை எடுத்துக்கொள்ளுங்கள்.

சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை, சேவைக்கு 20 லட்சம். இந்த வரம்பு ஒரு பான் எண்ணுக்கு ஒன்று. விழுப்புரத்தில் ஒரு கடை, திண்டிவனத்தில் ஒரு கடை என்றால் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். கடை மாடியை வணிகத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தால் நீங்கள் சரக்கு மட்டும் விற்பவர் ஆகமாட்டீர்கள், வரம்பு 20 லட்சமாகக் குறைந்துவிடும். இது பலருக்குத் தெரியாமலே நடக்கிறது.

தனி உரிமையாளர் இறந்தால் அந்த ஜி.எஸ்.டி. எண்ணும் அவரோடு முடிகிறது. கடையைத் தொடரும் வாரிசு தன் பேரில் புதிய பதிவு எடுத்து, அப்பா கணக்கில் இருந்த உள்ளீட்டு வரி வரவை ஐ.டி.சி.-02 படிவத்தில் மாற்றிக்கொள்ளலாம். அப்பாவின் எண்ணிலேயே பில் போட்டுக்கொண்டிருப்பது பெரிய ஆபத்து. கடையைத் தொடர்ந்தால் அவர் வைத்த வரிப் பாக்கியும் உங்களுடையது. மூடிவிட்டால், அவர் விட்டுச்சென்ற சொத்து அளவுக்கு மட்டுமே பொறுப்பு. இருவர் மட்டும் கூட்டாளிகளாக உள்ள நிறுவனம் ஒருவர் இறந்ததும் கலைந்துவிடும். உண்மையாகவே கடையில் உழைக்கும் மனைவியையோ மகளையோ மூன்றாவது கூட்டாளியாகச் சேர்த்து, ஒருவர் இறந்தாலும் நிறுவனம் தொடரும் என்று ஒப்பந்தத்தில் எழுதி, நிறுவனங்களின் பதிவாளரிடம் பதிவு செய்யுங்கள். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், பாக்கிக்காரர் மீது வழக்குப் போட முடியாது.

6. புதுச்சேரிச் சாலை

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போனால் வளவனூர் தாண்டி மதகடிப்பட்டு, திருபுவனை என்று புதுச்சேரி வரும், கண்டமங்கலத்தில் மறுபடி தமிழ்நாடு, அரியூரில் மறுபடி புதுச்சேரி. பஸ்ஸில் போகிறவருக்கு அது ஒரே சாலை. ஜி.எஸ்.டி.க்கு அது மாநில எல்லை. வளவனூரிலிருந்து திருபுவனைக்குச் சரக்கு அனுப்பினாலும் டெல்லிக்கு அனுப்பினாலும் ஒரே கணக்குதான்.

எல்லை தாண்டி வரிக்குட்பட்ட சரக்கு அனுப்பினால் 40 லட்ச வரம்பு கிடையாது, முதல் பில்லிலிருந்தே பதிவு வேண்டும். 1 சதவீதம் கட்டும் இணக்கமுறைத் திட்டத்தில் இருக்கும் வியாபாரி வெளிமாநிலத்துக்கு விற்கவே கூடாது. தமிழ்நாட்டுக்குள் இ-வே பில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல்தான், புதுச்சேரிக்குப் போனால் 50,000 தாண்டினாலே வேண்டும். சுடுமண் பொருள் போன்ற கைவினைப் பொருள்களைத் தாமே செய்து விற்பவர்களுக்கு மட்டும், 20 லட்சத்துக்குள் என்றால், பான் எண்ணும் இ-வே பில்லும் வைத்துக்கொண்டு பதிவில்லாமல் அனுப்பச் சலுகை உண்டு. நம் ஊர்ச் சின்ன வியாபாரிகள் பலருக்கு இருபது கிலோமீட்டருக்குள் வாடிக்கையாளர் புதுச்சேரியில்தான் இருக்கிறார். அவர்களுக்குச் சொல்லித்தர வணிகர் சங்கங்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

7. வழக்காகிவிட்டால்

இவ்வளவு சொன்னபிறகும் வழக்கு வரும். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு என்பது 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டம். விழுப்புரத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும், வட்டங்களில் அதன் குழுக்களும் இருக்கின்றன. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அண்ணன் மேல் பங்கு வழக்குப் போடக் காசில்லாமல் பதினைந்து ஆண்டு அமைதியாக இருந்துவிட்ட தங்கைகள் இந்த அவையிலும் இருக்கலாம். அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் அது இறுதியானது, மேல்முறையீடு இல்லை, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்ப வரும். பங்கு வழக்குக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, ஏற்கெனவே வழக்கு நடத்தி ஜெயித்தவர்களுக்கு. உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது, வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். அது பிரிலிமினரி டிகிரி, அதாவது முதல்நிலைத் தீர்ப்பாணை மட்டுமே. எந்த மூலை உங்களுடையது என்று அதில் இருக்காது. இறுதித் தீர்ப்பாணைக்குத் தனியாக மனுப் போட வேண்டும். ஆணையர் வந்து அளந்து வரைபடம் கொடுக்க வேண்டும். அதன்பின் வரும் தீர்ப்பாணையை முத்திரைத்தாளில் எழுதி வாங்கி, அதைக் கொண்டு பட்டா மாற்ற வேண்டும். முத்திரைத்தாள் கொடுக்காமல் விட்ட தீர்ப்பாணையை நிறைவேற்ற முடியாது, நிறைவேற்றக் கேட்கப் பன்னிரண்டு ஆண்டுதான் கெடு. பிரிலிமினரி டிகிரி வாங்கியவர் இறந்து, அவர் பிள்ளைகள் அந்தக் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. இறுதித் தீர்ப்பாணை கேட்டு மனுப் போடுவதற்குக் கெடு இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பழைய வழக்கு எண்ணைக் கண்டுபிடித்து, வாரிசுகளைச் சேர்த்து, அதே நீதிமன்றத்தில் நாளைக்கே மனுப் போடலாம்.